"இன்றேல், ஏன்?" – பாராளுமன்றக் கேள்வியும் எமது ஊர்க் கணக்கும்

வடக்கு ரயில் பாதை முடியும் இடம் காங்கேசன்துறை. 1990இல் நின்றுபோன ரயில், 2015 ஜனவரி 2ஆம் திகதிதான் மீண்டும் அங்கே வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்த எனக்குச் சிறு வயதில் அது வாப்பாவுடன் கடல் பார்க்கப் போகும் ஊர். இப்போது நான் அங்கே போவது ஒரு பெரியவரைப் பார்ப்பதற்காக.

அவரும் நானும் ஒரே வருடத்தில் ஊரை இழந்தவர்கள். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். அவருடைய காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எங்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர் முகாம் முகாமாக யாழ்ப்பாணத்துக்குள்ளேயே அலைந்தார். நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம்.

சென்ற முறை போனபோது அவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

"பாராளுமன்றத்திலை எங்கட காணியைப் பற்றி ஆரோ கேள்வி கேட்டவையாம். அமைச்சரும் எழுத்திலை பதில் குடுத்திட்டாராம். அந்தப் பதில் எங்கை தம்பி கிடக்கு?"

என்னால் உடனே சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். படித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன். பாராளுமன்ற உரைகளின் வீடியோக்களை நாம் கைபேசியில் ஆளாளுக்குப் பகிர்கிறோம். அமைச்சர்களின் எழுத்துமூல விடைகளை யாரும் பகிர்வதில்லை. ஆனால் காணிக் கணக்கும் காசுக் கணக்கும் அதிகம் இருப்பது இரண்டாவதில்தான்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது?

எமது அரசியலமைப்பின் 42ஆம் உறுப்புரை, அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையதும் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் ஆகும் என்கிறது. 148ஆம் உறுப்புரை, அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்தின் கையில் கொடுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் விடயம் விளங்கும். ஓர் உறுப்பினர் அமைச்சரிடம் "எவ்வளவு செலவானது?" என்று கேட்பது தயவு கேட்பதல்ல. அது அவருடைய வேலை. பதில் சொல்வது அமைச்சருடைய வேலை.

இந்த வழக்கம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. அங்கே பதிவில் உள்ள முதலாவது கேள்வி 1721இல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. இந்திய மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் வாய்மூல விடைக்கும் 230 கேள்விகள் எழுத்துமூல விடைக்கும் பட்டியலிடப்படுகின்றன. அந்த இரு நாடுகளிலும் எழுத்துமூலக் கேள்விகள்தான் எண்ணிக்கையில் அதிகம். சத்தமில்லாமல் நடக்கும் வேலை அது.

மூன்று வகைக் கேள்விகள்

எமது பாராளுமன்றத்தில் நிலையியற் கட்டளைகளின்படி கேள்விகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, வாய்மூல விடைக்கான வினா. அமைச்சர் சபையில் எழுந்து பதில் சொல்வார். கேட்டவர் அதைத் தொடர்ந்து குறைநிரப்பு வினாக்களை எழுப்பலாம். தயாரித்து வந்த பதிலில் ஓட்டை இருந்தால் அது வெளிப்படும் இடம் அந்தக் குறைநிரப்பு வினாதான்.

இரண்டாவது, எழுத்துமூல விடைக்கான வினா. விவாதம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. பதில் எழுத்தில் வந்து ஹன்சாட்டில் அச்சாகும். நீண்ட பட்டியல்களும் வருடவாரியான தொகைகளும் தேவைப்படும்போது இதுவே பொருத்தமான வழி.

மூன்றாவது, செய்திகளில் "27/2 கேள்வி" என்று நாம் கேள்விப்படும் தனி அறிவித்தல் மூல வினா. அவசரமான பொது முக்கியத்துவம் உள்ள விடயங்களில் கட்சித் தலைவர்கள் எழுப்புவது இது.

இவற்றில் முதல் இரண்டின் வடிவத்தைப் பார்த்தவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பார்கள். கேள்வி (அ) என்று தொடங்கி, (i), (ii), (iii) என்று பிரிந்து, "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று முடியும். அதன் பிறகு (ஆ) என்று போட்டு இரண்டே சொற்கள்: "இன்றேல், ஏன்?" அறிவிக்க மாட்டீர்கள் என்றால் அதற்குக் காரணத்தையாவது சொல்லுங்கள் என்று பொருள். பாராளுமன்ற நடைமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு சொற்கள் இவை.

கொழும்பில் வாசிக்கப்படும் எண் எங்கே பிறக்கிறது?

உறுப்பினர் தன் கேள்வியைப் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கிறார். கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, தகவல் மட்டுமே கேட்கப்பட வேண்டும். நீதிமன்றத்தில் விசாரணையில் உள்ள விடயத்தைத் தொடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட கேள்வி மும்மொழிகளிலும் அச்சாகி அமைச்சுக்குப் போகிறது. அமைச்சு திணைக்களத்திடம் கேட்கிறது. திணைக்களம் மாவட்டச் செயலகத்திடமும், அது பிரதேச செயலகத்திடமும் கேட்கிறது. காங்கேசன்துறை பற்றிய கேள்வி என்றால் அது தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் உள்ள ஓர் உத்தியோகத்தரின் மேசைக்கு வந்து சேரும். அவர் கிராம அலுவலர்களிடம் விவரம் வாங்கி எண்ணை எழுதி அனுப்புவார். அதே எண்தான் திரும்பவும் படியேறிப் போய் அமைச்சரின் வாயில் விடையாக வருகிறது.

இதை விளங்கிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. பிரதேச செயலகத்தின் கோப்பில் நாம் இல்லை என்றால் அமைச்சரின் விடையிலும் நாம் இல்லை. புத்தளத்தில் வாக்காளராகப் பதிந்து முப்பது வருடங்களைக் கடந்த ஒரு சோனகத் தெருக் குடும்பம், யாழ்ப்பாண மாவட்டத்தின் மீள்குடியேற்றப் பட்டியலில் எண்ணப்பட்டிருக்கிறதா? வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பலரும் எடுத்தாளும் எண். அந்த எண்ணை மேடையில் சொல்வது வேறு. இத்தனை குடும்பங்கள் விண்ணப்பித்தன, இத்தனை வீடுகள் வழங்கப்பட்டன, இத்தனை குடும்பங்கள் மீதம் என்று அமைச்சர் கையெழுத்திட்ட விடையில் இருப்பது வேறு. மேடையில் சொன்ன எண்ணை நாளைக்கே மாற்றிச் சொல்லலாம். ஹன்சாட்டில் அச்சான எண்ணை அடுத்த அரசாங்கத்தின் அமைச்சரிடமும் காட்டிக் கேட்கலாம்.

காங்கேசன்துறையில் கேட்க என்ன இருக்கிறது?

முதலில் காணி. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. பெருந்தொகையான காணி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதன் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. பிறகு 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்னொரு வர்த்தமானி வந்தது. அது வடக்கில் 5,941 ஏக்கரைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுடையதாகும் என்ற நிலை. எதிர்ப்புக் கிளம்பியது, பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. அரசாங்கம் அதைக் கைவிடுவதாகச் சொன்னது. உயர் நீதிமன்றமும் ஜூன் மாத இறுதியில் இடைக்காலத் தடை விதித்தது.

பெரியவரின் பேச்சில் இந்த இரண்டு எண்களும் கலந்துவிட்டிருந்தன. அது அவருடைய பிழை அல்ல. ஊர் முழுக்க அப்படித்தான் கலந்து கிடக்கிறது. 6,381 ஏக்கரில் இதுவரை எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எந்தக் கிராம அலுவலர் பிரிவில் எவ்வளவு மீதம், அதற்கு உரித்தானவர்கள் எத்தனை பேர், யாருக்காவது நட்டஈடு கொடுக்கப்பட்டதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரே பக்கத்தில் விடை கேட்டு வாங்கினால் குழப்பம் தீரும்.

இரண்டாவது, துறைமுகம். 2018இல் காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்புக்காக இந்தியாவின் 45.27 மில்லியன் டொலர் கடனுதவி ஒப்பந்தமாயிற்று. 2024இல் 61.5 மில்லியன் டொலர் செலவு முழுவதையும் இந்தியா நன்கொடையாக ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. இடையில் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, சில நாட்களில் நின்றது, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடன் எப்போது நன்கொடையானது, பழைய கடனில் ஏதாவது எடுக்கப்பட்டதா, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவை நியாயமான கேள்விகள்.

மூன்றாவது, சீமெந்துத் தொழிற்சாலை. 1950களிலிருந்து ஊருக்குச் சோறு போட்ட அரச ஆலை 1990இல் யுத்தத்தோடு மூடப்பட்டது. அதன் காணி, எஞ்சிய இயந்திரங்கள், இரும்பு ஆகியவற்றின் பெறுமதி என்ன? நான்காவது, யுத்தத்தின் பின் கீரிமலைக் கடலோரம் எழுந்த ஜனாதிபதி மாளிகை. கட்டிய செலவு எவ்வளவு, வருடாந்தப் பராமரிப்பு எவ்வளவு? எல்லாமே பொதுமக்களின் பணம், ஓர் அமானிதம். கணக்குக் கேட்பது எதிர்ப்பாகாது.

நல்ல கேள்வி, மோசமான கேள்வி

"காங்கேசன்துறை மக்களின் துயரத்தை அரசு எப்போது தீர்க்கும்?" என்பது மோசமான கேள்வி. "விரைவில்" என்ற ஒரே சொல்லில் அமைச்சர் முடித்துவிடுவார். எமது மீள்குடியேற்றத்தைப் பற்றி நான் எழுதிப் பார்த்தது இது:

"(அ) (i) 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் மீள்குடியேறப் பதிவு செய்துள்ள குடும்பங்களின் எண்ணிக்கை பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக யாது, (ii) 2010 முதல் இன்றுவரை அக்குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள், கட்டி முடிக்கப்பட்ட வீடுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை வருடவாரியாக யாது, (iii) அதற்காக ஒதுக்கப்பட்ட தொகையும் உண்மையில் செலவிடப்பட்ட தொகையும் தனித்தனியாக யாது, (iv) நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, அதற்கான காரணங்கள் யாவை என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

இதில் அழுகை இல்லை. ஆனால் தப்புவதற்கு வழியும் குறைவு. இடம், காலம், எண்ணிக்கை, தொகை, காரணம் ஆகிய ஐந்தும் ஒரு கேள்வியில் இருக்க வேண்டும்.

விடையில் தப்பும் வழிகள்

விடைகளை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, அவகாசம். "பதிலளிக்க இரண்டு வாரம் தேவை" என்பது சபையில் அடிக்கடி கேட்கும் வாசகம். கேட்டவர் மறந்துவிட்டால் அந்த இரண்டு வாரம் முடிவதே இல்லை.

இரண்டு, செலவைக் கேட்டால் ஒதுக்கீட்டைச் சொல்வது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் எல்லாம் திறைசேரியிலிருந்து வெளியே வந்துவிடுவதில்லை. வந்தது எல்லாம் வேலையாக மாறுவதும் இல்லை.

மூன்று, "இது எனது அமைச்சுக்குரிய விடயம் அல்ல." காணி ஓர் அமைச்சு, பாதுகாப்பு இன்னோர் அமைச்சு, மீள்குடியேற்றம் வேறோர் அமைச்சு. ஆகவே கேள்வியை அனுப்ப முன்னர், அந்த விடயம் எந்த அமைச்சருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று வர்த்தமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, "தரவு இல்லை." 2020 செப்டம்பரில் இந்திய மக்களவையில், கொரோனா முடக்கத்தின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அப்படியொரு தரவு பேணப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சு எழுத்தில் பதில் கொடுத்தது. அந்தப் பதிலே நாடெங்கும் பெரும் செய்தியாயிற்று. எண்ணவில்லை என்று ஓர் அரசு எழுதிக் கொடுப்பதும் ஓர் ஒப்புதல் வாக்குமூலம்தான்.

ஐந்து, விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிப்பது. இது தவறான நடைமுறை அல்ல. ஆனால் அதை யாரும் காதால் கேட்பதில்லை. ஹன்சாட்டில் கேள்வி மும்மொழியில் இருக்கும், விடை கொடுக்கப்பட்ட மொழியில் மட்டுமே இருக்கும். பெரும்பாலும் சிங்களத்தில். பெரியவர் தேடிய பதில் "கிடக்கும்" இடம் இதுதான். பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாக ஹன்சாட் இருக்கிறது. புத்தளத்திலும் அனுராதபுரத்திலும் வளர்ந்த எமது பிள்ளைகளில் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். இந்த விடைகளைத் தமிழாக்கிக் கொடுப்பது அவர்களால் முடியும். அதனால் பயன்பெறுபவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல.

யாரிடம் போவது?

ஒருகாலத்தில் காங்கேசன்துறைக்கென்று ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். 1947இல் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அந்தத் தொகுதியில் வென்றார். 1952இல் தோற்றார், 1956இல் மீண்டும் வென்றார். பதவி விலகியபின் 1975 பெப்ரவரி இடைத்தேர்தலிலும் அங்கேயே வென்றார். 1977இல் அதே தொகுதியில் வென்ற அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1989இல் விகிதாசாரத் தேர்தல் வந்த பிறகு காங்கேசன்துறை, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவு மட்டுமே. அந்த மாவட்டத்தின் ஆசனங்களும் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 என்று சுருங்கிவிட்டன. ஆட்கள் குறையக் குறைய ஆசனம் குறைகிறது. இடம்பெயர்ந்தவர்கள் காணியையும் இழந்து, கேட்க ஒரு வாயையும் இழக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. காங்கேசன்துறையைப் பற்றிக் கேட்க யாழ்ப்பாண உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 225 பேரில் யாரும் கேட்கலாம். அம்பாறை உறுப்பினரும் புத்தளம் உறுப்பினரும் தேசியப்பட்டியல் உறுப்பினரும் கேட்கலாம். ஆளும் தரப்பில் இருப்பவரும் கேட்கலாம். 1957இல் இந்தியாவின் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஒரு வர்த்தகரின் கம்பனிப் பங்குகளை வாங்கியது பற்றி மக்களவையில் கேள்விகள் எழுந்தன. அதை விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளும் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். விசாரணை நடந்தது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வியில் உண்மை இருந்தால் கேட்டவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது பெரிய விடயமாகாது.

விடை வந்த பிறகு

விடை வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது எமது பெரிய பலவீனம். இந்திய மக்களவையில் 1953 முதல் அரசின் வாக்குறுதிகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அமைச்சர் சபையில் "செய்வோம்" என்றால் மூன்று மாதத்தில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழு கேட்கும். எமது ஊரைப் பொறுத்தவரை அந்தக் குழுவின் வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கும். பள்ளிவாசல் நிர்வாகமோ இளைஞர் சங்கமோ ஒரு கொப்பி வைத்துக்கொண்டால் போதும்: கேள்வி, கேட்ட திகதி, விடை, சொன்ன எண், சரிபார்த்த திகதி.

சரிபார்க்கும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. அமைச்சர் சபையில் 40 வீடு என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அந்த 40 வீடுகளின் கிராமப் பட்டியலைப் பிரதேச செயலகத்திடம் கேட்டு வாங்கலாம். அதோடு கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள், அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, கோப் குழு ஆகியவற்றின் அறிக்கைகள் இருக்கின்றன. சீமெந்துத் தொழிற்சாலை போன்ற அரச நிறுவனங்களின் கணக்கு கடைசியில் கோப் குழுவுக்கு உரியது.

போன வாரம் மீண்டும் காங்கேசன்துறைக்குப் போனேன். இரண்டு கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். ஒன்று அவருடைய ஊர்க் காணி பற்றியது, மற்றது எங்கள் குடும்பங்களின் வீடு பற்றியது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாக வாசித்தார். காணிக் கேள்வியில் நான் பிரதேச செயலாளர் பிரிவு என்று எழுதியிருந்த இடத்தை வெட்டி, "கிராம அலுவலர் பிரிவு வாரியாக எண்டு போடுங்கோ. இல்லாட்டி எல்லாத்தையும் ஒரு கூட்டாச் சொல்லிப்போட்டு விட்டிடுவினம்" என்றார். பிறகு எங்கள் கேள்வியைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

"நிராகரிச்ச விண்ணப்பம் எத்தினை எண்டு கேட்டிருக்கிறியள், சரி. முப்பது வருஷமா விண்ணப்பிக்கவே வழி தெரியாமல் இருக்கிற சனத்தை ஆர் எண்ணுறது?"

அதற்கு எந்த அமைச்சரிடமும் விடை இருக்காது. அந்தக் கணக்கை நாங்கள்தான் எடுக்க வேண்டும். இவ்வருட வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் தொடங்குமுன் இரண்டு கேள்விகளையும் ஓர் உறுப்பினரிடம் கொடுக்க இருக்கிறோம். அதற்கு முன்பாக, புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தத்தமது பள்ளிவாசலில் பெயர், பழைய முகவரி, பழைய கிராம அலுவலர் பிரிவு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், இம்முறை வரும் விடையைச் சரிபார்க்க எம்மிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.